மகாராணியின் கமோடும் அதன் தாய்ப்பத்திரமும்

கமோடு என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். வீடு கட்டும்போது 'இந்தியனா, வெஸ்டர்னா' என்று கொத்தனார் கேட்பாரே, அந்த விவகாரம். அதனால் 'லண்டன் ஏலத்தில் ஒரு கமோடு 70 லட்சம் பவுண்டுக்குப் போனது' என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும்.

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'வசதியானது' என்று பொருள். அதுவரை அங்கே துணிமணிகளை மூடி போட்ட பெட்டிக்குள்தான் அடுக்கி வைத்தார்கள். அடியில் கிடக்கும் ஒரு துண்டை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் வெளியே எடுத்துப் போட வேண்டும். 1700-ஐ ஒட்டிய வருஷங்களில், அகலமான இழுப்பறைகள் வைத்து, மேலே சலவைக்கல் பலகை போட்ட சாமான் வந்தது. வசதியாக இருந்தது, பெயரும் அதுவே ஆனது. பிற்பாடு இங்கிலீஷ்காரர்கள், ராத்திரி அவசரத்துக்கான பாத்திரத்தை உள்ளே ஒளித்து வைத்த நாற்காலிக்கும் இதே பெயரைக் கொடுத்தார்கள். நமக்கு வந்து சேர்ந்தது அந்தக் கிளை. இந்தக் கட்டுரை மூத்த கிளையைப் பற்றியது, அதிலும் குறிப்பாக ஒரே ஒரு கமோடைப் பற்றியது.

அது இப்போது நியூயார்க்கில், மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 1783-இல் ழான் ஆன்றி ரீஸ்னர் என்ற மரவேலைக் கலைஞர் பிரான்ஸின் ராணி மேரி அன்டாய்னெட்டுக்காகச் செய்தது. உடன்பிறப்பாக, இதே வேலைப்பாட்டில் ஒரு எழுதும் அலமாரியும் உண்டு. முன்பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே மேசையாகிவிடும் ரகம். இரண்டும் ஒன்றாகவே ஊர் ஊராகப் போய், ஒன்றாகவே நியூயார்க் வந்து சேர்ந்தன. இந்த மாதிரி ஜோடிகள் பிரிந்து இரண்டு கண்டங்களில் கிடப்பதுதான் வழக்கம் என்பதால் இதையே ஒரு அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும்.

கமோடின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கறுப்பும் தங்கமும். கருங்காலி ஒட்டிய கறுப்புச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவே பளபளக்கும் கறுப்புப் பலகைகளில் தங்கத்தில் தீட்டிய ஜப்பானியக் காட்சிகள். சுற்றிலும் தங்கமுலாம் பூசிய வெண்கலத்தில் பூச்சரம். மேல் சட்டத்தை ஒட்டி ஓடும் பட்டையில், அந்தப் பூக்களுக்கு இடையே, ராணியின் பெயரின் முதலெழுத்துகள் மூன்று இடத்தில் வருகின்றன.

சரி, முதலெழுத்துகள் இருந்தால் போதுமா? பித்தளைக்காரர் ஒருவரைப் பிடித்தால் எந்த எழுத்தையும் வார்த்துக் கொடுத்துவிடுவாரே. 'இது ராணியுடையது' என்று எதை வைத்து அடித்துச் சொல்கிறார்கள்?

நிலம் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. முதலில் தாய்ப்பத்திரத்தைக் காட்டு என்போம். அப்புறம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம்: யார் பெயரில் இருந்தது, யார் யாருக்கு விற்றார், நடுவில் அடமானம் உண்டா, வாரிசு வழக்கு உண்டா. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் வக்கீல் உதட்டைப் பிதுக்குவார். பழைய மரச்சாமான் உலகத்தில் 'ப்ராவனன்ஸ்' என்று சொல்வது இதைத்தான். பொருள் பிறந்த இடத்திலிருந்து இன்று நிற்கும் இடம்வரை அது கைமாறிய வரலாறு. அந்தத் தாய்ப்பத்திரத்தில் முதல் பெயர் ஒரு ராஜாவோ ராணியோ என்றால் விலையில் எத்தனை சைபர் கூடும் என்று சொல்ல முடியாது. மரமும் வேலைப்பாடும் அப்படியே ஒத்திருக்கும் இரண்டு கமோடுகளில், ஒன்றுக்கு மட்டும் அரண்மனைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால், இரண்டும் ஒரே சந்தையில் விலைபோகும் சாமான்கள் இல்லை.

முதலில் செய்தவரைப் பார்த்துவிடலாம். பிரெஞ்சு ராஜவம்சத்துக் கலையின் உச்சம் என்று கொண்டாடப்படும் ரீஸ்னர் பிரெஞ்சுக்காரரே இல்லை. 1734-இல் ஜெர்மனியில், எஸ்ஸென் நகரத்துக்குப் பக்கத்தில் கிளாட்பெக் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதில் பாரிஸுக்குப் பிழைக்கப் போய், இன்னொரு ஜெர்மன்காரரான ழான் பிரான்சுவா ஓபென் என்பவரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாரிஸ் மரப்பட்டறைகளில் ஜெர்மன் பேச்சு நிறையவே கேட்டிருக்கும். 1763-இல் ஓபென் இறந்துபோனார். பட்டறையை விதவை நடத்தினார். 1767-இல் ரீஸ்னர் அவரையே கல்யாணம் செய்துகொண்டு, மறுவருஷம் மரவேலைக்காரர்களின் தொழிற்சங்கத்தில் மாஸ்டர் ஆனார். முதலாளியின் விதவையை மணந்து பட்டறையைப் பிடித்த தந்திரக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியூர்க்காரர் மேலே வருவதற்கு அன்று இருந்த வழக்கமான வழி அது. கொசுறாக ஒன்று: அந்த அம்மாவுக்கு ஓபென் மூலம் பிறந்த மகளின் பிள்ளைதான் ஓவியர் யூஜின் டெலாக்ரவா.

பதினைந்தாம் லூயிக்காக ஓபென் 1760-இல் தொடங்கிவிட்டுப்போன பெரிய எழுதுமேசையை ரீஸ்னர் 1769-இல் முடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் ஏறுமுகம்தான். 1774-இல் பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த வருஷமே அரசரின் மரவேலைக்காரர் என்ற பதவி. அடுத்த பத்து வருஷத்தில் அரண்மனைக்கு அவர் செய்து கொடுத்த சாமான்களின் மதிப்பு 9 லட்சம் லிவ்ருக்கும் மேலே. பாரிஸில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் சுமார் ஒரு லிவ்ராக இருந்த காலம் அது.

அவருடைய தொழிலுக்கு பிரெஞ்சில் 'எபெனிஸ்ட்' என்று பெயர். கருங்காலிக்கு பிரெஞ்சில் 'எபென்'. அதாவது 'கருங்காலிக்காரர்'. தமிழில் இப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அங்கே அது கௌரவப் பட்டம். நாற்காலி, கட்டில் போன்றவற்றை முழு மரத்தில் கடைந்து செய்கிறவர்கள் வேறு வகை. எபெனிஸ்ட் என்பவர் ஓக் மரத்தில் கூடு கட்டி, அதன்மேல் அரிய மரங்களைச் சன்னமாக அறுத்து ஒட்டுகிறவர். இன்று பிளைவுட் கடையில் வெனீர் என்று கேட்கிறோமே, அதன் மூதாதை. ஆனால் அன்றைய வெனீர் கையால் அறுத்தது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கும். இன்றைய மெஷின் வெனீர் அதோடு ஒப்பிட்டால் காகிதம். இந்தக் கன வித்தியாசம் பின்னால் போலிகளைப் பிடிக்க உதவப்போகிறது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஜப்பானியப் பலகைகள். எனக்கு இந்தக் கமோடில் மிகவும் சுவாரஸ்யமாகவும், கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருப்பது இவைதான். பூசியிருப்பதை அரக்கு என்று சொல்வது வழக்கம், ஆனால் அது நம் அரக்கு இல்லை. நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. ஜப்பானின் 'உருஷி' ஒரு மரத்தின் பால். அதை ஒரு மெல்லிய பூச்சு பூசி, ஈரமான காற்றில் இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மாதக்கணக்கில் வேலை செய்து, கடைசியில் தங்கப்பொடி தூவிப் படம் எழுதுவார்கள். ஆனாலும் ஐரோப்பியர்கள் இதற்குச் சொல்லும் 'லாக்கர்' என்ற சொல் நம் பூச்சியரக்கின் வடமொழிப் பெயரான 'லாக்ஷா'விலிருந்து போனதுதான். சீனத்து அரக்குத் திரைகளுக்கு அவர்கள் 'கோரமண்டல்' என்றே பெயர் வைத்தார்கள். நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறி வந்ததால், செய்த ஊரை விட்டுவிட்டு ஏற்றிய ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜப்பான் அந்தக் காலத்தில் கதவை அடைத்துக்கொண்டிருந்த நாடு. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் ஒரு சின்னத் தீவில் இடம். அவர்கள் மூலமாக 17-ஆம் நூற்றாண்டில் வந்த அரக்குப் பெட்டிகளும் பேழைகளும்தான் பாரிஸின் கையிருப்பு. 18-ஆம் நூற்றாண்டில் புதுச் சரக்கு அருகிப்போனது, ஆசை மட்டும் குறையவில்லை. என்ன செய்வது? பழைய ஜப்பானியப் பேழை ஒன்றை எடுத்து, கதவுகளைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மரத்தை இழைத்துக்கொண்டே வந்து, அரக்குப் பூச்சோடு ஒட்டிய மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும்போது நிறுத்துவார்கள். ஒரு இழைப்பு கூடினாலும் நூறு வருஷத்துப் பூச்சு விரிசல் விட்டுவிடும். அந்தத் தோலை பிரெஞ்சு ஓக் கூட்டின்மேல் ஒட்டிச் சுற்றிலும் வெண்கலச் சட்டம் அடித்தால் புதுக் கமோடு தயார். ஒரு நாட்டின் கலைப்பொருளை அறுத்து இன்னொரு நாட்டின் கலைப்பொருள் ஆக்கியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பேழையைச் செய்த ஜப்பானியர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ராணிக்கு ஏன் ஜப்பான் அரக்கு? அது அம்மா வீட்டுச் சீர். ஆஸ்திரியாவின் மகாராணி மரியா தெரேசா, மேரி அன்டாய்னெட்டின் தாய், வைரத்தைக்கூட இரண்டாம் பட்சமாக நினைக்கும் அளவுக்கு அரக்குப் பொருள்களின்மேல் பித்தானவர். 1780-இல் அவர் இறந்தபோது மகளுக்கு விட்டுச்சென்றவற்றில் சுமார் 50 சின்ன ஜப்பானிய அரக்குப் பெட்டிகள் இருந்தன. மீன், விசிறி, நாய் என்று விதவிதமான வடிவங்கள், உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். அவற்றை வெர்சாய் அரண்மனையில் தன் அந்தரங்க அறை ஒன்றில் ராணி காட்சிக்கு வைத்தார். 1783-இல் அந்த அறையின் சுவர்களைக் கட்டடக்கலைஞர் ரிஷார் மீக்கின் திட்டப்படி, வெள்ளையும் தங்கமுமாக மரச்செதுக்கு வேலை செய்து மாற்றினார்கள். அறை மாறிய அதே வருஷம், அம்மாவின் பெட்டிகளோடு இழைகிற மாதிரி, கறுப்பும் தங்கமுமான சாமான்கள் ரீஸ்னரிடமிருந்து வந்தன.

தங்கமுலாம் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கத்தைப் பொடித்துப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரு களிம்பு கிடைக்கும். அதை வார்த்த வெண்கலத்தின்மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் பறந்துவிடும், தங்கம் உலோகத்தோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம் சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். அந்தப் பூவிதழ்களில் ஒளியும் நிழலும் விளையாடுவது அதனால்தான். பறந்த பாதரசம் எங்கே போயிருக்கும்? பட்டறையில் இருந்தவர்களின் நுரையீரலுக்கு. கை நடுக்கமும் பல் கொட்டுவதும் முலாம் பூசுகிறவர்களின் தொழில்நோய். அரண்மனைக் கணக்கில் இதற்கென்று பத்தி எதுவும் கிடையாது.

இந்தக் கமோடின் உருவத்தைப் பார்த்தால், பெட்டி மாதிரி நேர்க்கோடுகள். முந்தைய தலைமுறைக் கமோடுகள் வயிறு பிதுங்கி, கால் வளைந்து, ஒரு நேர்க்கோடு கூட இல்லாமல் இருக்கும். இத்தாலியில் 1738-இல் ஹெர்குலேனியம், 1748-இல் பாம்பேய் என்று எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊர்களைத் தோண்டத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குக் கிரேக்க, ரோமானிய மோகம் பிடித்தது. தூண், பட்டை, இலைமாலை, சமச்சீர். இதைத்தான் நவசெவ்வியல் என்கிறார்கள். பிரெஞ்சில் 'பதினாறாம் லூயி பாணி' என்று பெயர், ஆனால் அவர் பட்டத்துக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே இந்த ஃபேஷன் வந்துவிட்டது. மேரி அன்டாய்னெட்டுக்குக் கண்டிப்பான கிரேக்கம் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. கூடு ரோமாபுரி, மேலே படர்ந்திருப்பது பூந்தோட்டம்.

வெர்சாயில் அந்தச் சாமான்கள் ரொம்ப நாள் நிற்கவில்லை. 1785-இல் பாரிஸுக்கு அருகே சான் குளூ மாளிகையை அரசர் 60 லட்சம் லிவ்ருக்கு ராணியின் பெயரிலேயே வாங்கினார். கஜானா காலியாக இருந்த நேரத்தில், அரண்மனையை அரசியின் சொந்தப் பெயரில் எழுதிவைத்தது ஊர் வாய்க்கு அவல் ஆனது. கமோடும் எழுதும் அலமாரியும் அங்கே மாறின. 1784-லேயே அரண்மனைச் சாமான் இலாகாவுக்குப் புதிதாக வந்த தியெரி என்ற அதிகாரி, ரீஸ்னரின் பில்களைப் பார்த்து மலைத்து, குறைந்த விலைக்குச் செய்து தருகிறவர்களிடம் ஆர்டர்களைத் திருப்பிவிட்டிருந்தார். ராணி மட்டும் ரீஸ்னரை விடவில்லை.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அக்டோபர் 6-ஆம் தேதி கூட்டம் அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு அழைத்துப் போனது. அதே மாதம் அம்மாவின் அரக்குப் பெட்டிகள் தகேர் என்ற நம்பிக்கையான வியாபாரியிடம் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டன. அப்புறம் ராணி அவற்றைப் பார்க்கவே இல்லை.

1793 ஆகஸ்ட் 25-ஆம் தேதி வெர்சாயில் ஏலம் தொடங்கியது. 17,182 லாட்டுகள், ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தது. கட்டில், திரை, கண்ணாடி, சமையலறைப் பாத்திரம் எல்லாம். முதல் மணி அடித்த அன்று ராணி உயிரோடுதான் இருந்தார், பாரிஸில் கான்சியெர்ஜரி சிறைக்குள். அக்டோபர் 16-ஆம் தேதி தலை வெட்டப்பட்டது. ஏலம் அதற்காக நிற்கவில்லை. மற்ற அரண்மனைகளின் சாமான்களும் இதே மாதிரி கலைந்தன. கொஞ்சம் ஏலத்தில் போனது, கொஞ்சம் படைக்குச் சரக்கு கொடுத்த கான்ட்ராக்டர்களுக்குப் பணத்துக்குப் பதிலாகப் போனது. போரில் இருந்த குடியரசுக்கு ரொக்கம் தேவைப்பட்டது, ராணியின் அலமாரி தேவைப்படவில்லை. எரிக்காமல் விற்றார்களே என்று இன்றைய மியூசியங்கள் அந்தப் புரட்சிக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ரீஸ்னர் தான் செய்த சாமான்களில் சிலவற்றைத் தானே ஏலத்தில் எடுத்தார், நல்ல காலம் திரும்பினால் விற்கலாம் என்று. திரும்பவில்லை. 1806-இல் இறந்தார்.

நம் கமோடு அடுத்து நிலையாகக் காலூன்றியது ஸ்காட்லாந்தில், ஹாமில்டன் மாளிகையில். வாங்கிச் சேர்த்தவர் பத்தாவது ஹாமில்டன் பிரபு. தான் இறந்தபின் உடலை மம்மியாக்கி எகிப்தியக் கல்பெட்டிக்குள் வைக்கச் சொன்ன மனிதர், வைத்தும் விட்டார்கள். அப்படிப்பட்டவர் பிரெஞ்சு ராணியின் சாமான்களைத் தேடிப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. பன்னிரண்டாவது பிரபு காலத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1882 கோடையில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் 17 நாள் ஏலம் நடத்தி மாளிகையையே காலி செய்தது. கமோடு 9,450 பவுண்டு, எழுதும் அலமாரி 9,450 பவுண்டு. இது என்ன விசித்திரமான தொகை என்றால், 9,000 கினி. அந்தக் காலத்து ஏலத்தில் கினிக் கணக்குதான், ஒரு கினிக்கு ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங். எடுத்தவர் வெர்ட்ஹைமர் என்ற வியாபாரி, அவருக்குப் பின்னால் இருந்தவர் அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட். நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் அவர் கட்டிய மாளிகைக்கு இரண்டும் போயின. 1920-இல் அவர் இறந்தபோது உயில்படி மியூசியத்துக்கு வந்தன.

இப்படி ஒரு சங்கிலியை யார் கோத்தார்கள்? பெரும்பாலும் குமாஸ்தாக்கள்தான். பிரெஞ்சு அரண்மனைச் சாமான் இலாகா, பதினான்காம் லூயி காலத்திலிருந்தே ஒரு தினக்குறிப்பு வைத்திருந்தது. எந்தத் தேதி, யார் கொண்டுவந்தார், எந்த அரண்மனையில் எந்த அறைக்கு, என்ன மரம், நீளம் அகலம் உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம், எல்லாம் எழுதி ஒரு எண் கொடுப்பார்கள். அதே எண்ணைச் சாமானின் முதுகில் தூரிகையால் எழுதிவிடுவார்கள். கலிஃபோர்னியாவின் கெட்டி மியூசியத்தில் கில் ஜூபேர் என்பவர் செய்த கமோடு ஒன்று இருக்கிறது. முதுகில் 2556 என்று எழுதியிருக்கிறது. தினக்குறிப்பில் 2556-ஐத் தேடினால், 1769 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, வெர்சாயில் இளவரசி லூயிஸின் படுக்கையறைக்கு என்று இருக்கிறது. அளவும் வர்ணனையும் பொருந்துகின்றன. முடிந்தது கதை. இருநூறு வருஷம் யாரும் கவனிக்காத ஒரு கிறுக்கல், பட்டா எண் மாதிரி வேலை செய்கிறது. இப்படி எண்ணையும் ஏட்டையும் பொருத்திப் பார்ப்பதை ஒரு முறையான ஆராய்ச்சியாக வளர்த்தவர் பியர் வெர்லே என்ற பிரெஞ்சு அறிஞர், போன நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதற்கு முன்பு, கொஞ்சம் தங்கமும் பூவும் இருந்துவிட்டால் போதும், வியாபாரிகள் எல்லாவற்றையும் மேரி அன்டாய்னெட் தலையில் கட்டிவிடுவார்கள்.

எண் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. செய்தவர் தன் பெயரைச் சூட்டுக்கோல் மாதிரி ஒரு முத்திரையால் மரத்தில் அடிக்க வேண்டும் என்பது சங்கத்து விதி. அரண்மனைகளும் தங்கள் சூட்டுமுத்திரையைப் போட்டன. வெர்சாய்க்கு இரண்டு V பின்னிய, பார்க்க W மாதிரி இருக்கும் குறி, மேலே கிரீடம். ஆனால் முத்திரையை நம்பி மட்டும் யாரும் செக் எழுத மாட்டார்கள். முத்திரை செய்வது ஒரு நாள் வேலை.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர் கமோடைப் பார்க்க வந்தால் முன்பக்கத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போவார், தரையில் படுத்து அடியைப் பார்ப்பார், இழுப்பறையை உருவித் தலைகீழாகப் பிடிப்பார். திருகாணியைக் கழற்றிப் பார்ப்பார். அந்தக் காலத்துத் திருகாணியின் புரிகள் கையால் அராவியதால் ஒரே சீராக இருக்காது, நுனியும் கூராக இருக்காது. வெனீரின் ஓரத்தில் கனத்தை அளப்பார். 19-ஆம் நூற்றாண்டில் தாஸோன், லின்க் போன்ற பாரிஸ் பட்டறைகள் ரீஸ்னர் சாமான்களுக்கு அற்புதமான நகல்கள் செய்தன, தங்கள் பெயரைப் போட்டே விற்றன. அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு ரீஸ்னர் முத்திரை அடிப்பது பின்னால் வந்தவர்களின் கைங்கரியம்.

தாய்ப்பத்திரத்தையே போலியாகத் தயாரித்தால்? அதுவும் நடந்தது. மேரி அன்டாய்னெட் காலத்துச் சாமான் என்று சொல்லி வெர்சாய் அரண்மனையே வாங்கிய சில நாற்காலிகள் போலி என்று 2016-இல் தெரியவந்தது. செய்தவர்களில் ஒருவர் அந்த நாற்காலிகள் பற்றி பிரான்ஸிலேயே பெரிய நிபுணர் என்று பெயர் வாங்கியவர். ஏட்டில் எந்த எண் இருக்கிறது, எந்த நாற்காலி தொலைந்துபோய்விட்டது என்று அவருக்கு அத்துப்படி. பத்திரம் இருக்கிறது, நிலத்தைக் காணோம் என்ற நிலையில், பத்திரத்துக்குப் பொருத்தமாக நிலத்தைச் செய்துவிட்டார். 2025-இல் நீதிமன்றம் அவரையும் கூட்டாளிச் செதுக்குக் கலைஞரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அந்தக் கலைஞரின் நாற்காலிகளை முன்பே சந்தேகப்பட்ட ஒரு வியாபாரி, மரத்தை நாக்கால் நக்கிப் பார்த்தாராம். அதிமதுரச் சுவை! புது மரத்துக்குப் பழைய அழுக்கு நிறம் கொடுக்க அதிமதுரத்தை உருக்கித் தடவும் வழக்கம் அவருக்கு உண்டு என்பது இவருக்குத் தெரியும்.

சங்கிலியின் பழைய கண்ணிகள் மட்டும் சரியாக இருந்தால் போதாது, புதிய கண்ணிகளும் சுத்தமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன 70 லட்சம் பவுண்டு கமோடுக்கு வருவோம். அதுவும் ரீஸ்னர் செய்தது, வெர்சாயில் பதினாறாம் லூயிக்காக. பிற்காலத்தில் வியன்னாவின் ரோத்ஸ்சைல்ட் குடும்பத்திடம் இருந்தது. 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அந்த யூதக் குடும்பத்தின் சேகரிப்பு முழுவதையும் பறித்தார்கள். போர் முடிந்து நாஜிகள் போனார்கள், பொருள்கள் எல்லாம் திரும்பவில்லை. மிச்சத்தை நாட்டைவிட்டு எடுத்துப்போக அனுமதி வேண்டுமானால் முக்கியமானவற்றை அரசு மியூசியங்களுக்கு 'நன்கொடை' கொடுத்துவிட்டுப் போங்கள் என்றது ஆஸ்திரிய அரசு. 1998-இல் வந்த ஒரு சட்டம்தான் அந்த நன்கொடைகளைத் திருப்பியது. 1999 ஜூலையில் குடும்பத்தார் லண்டனில் கிறிஸ்டீஸ் மூலம் ஏலம் விட்டார்கள். பிரெஞ்சு மரச்சாமானுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலையைக் கொடுத்து எடுத்தது வேறு யாருமில்லை, வெர்சாய் அரண்மனைதான். புரட்சிக் காலத்தில் கைவிட்டுப்போனதை இருநூறு வருஷம் கழித்து அதே வீடு விலைகொடுத்து வாங்கியது.

ராணியின் கறுப்புக் கமோடை அப்படி வாங்க முடியாது, அது உயிலில் வந்த மியூசியச் சொத்து. அது குடியிருந்த வீடுகளின் கதை இன்னொன்று. சான் குளூ மாளிகை 1870 அக்டோபரில், பிரஷ்யப் போரின்போது எரிந்துபோனது. ஹாமில்டன் மாளிகைக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதில் தரை உள்வாங்கும் நிலை வந்து 1920-களில் இடித்துவிட்டார்கள். வாண்டர்பில்டின் ஐந்தாவது அவென்யூ மாளிகையும் அதே 1920-களில் இடிபட்டது. வெர்சாய் நிற்கிறது, ராணியின் அந்த அறையும் நிற்கிறது. அம்மாவின் சின்ன அரக்குப் பெட்டிகளும் பிரான்ஸிலேயே இருக்கின்றன. அவற்றோடு இழைவதற்காகவே செய்த கமோடு அந்த அறையில் நின்றது சில வருஷங்கள்தான். நியூயார்க் மியூசியத்தில் அது நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது.